கல்லாப்பெட்டி: பாதி விலைக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: தில்லைநகரில் சிறிய அழகு நிலையம் நடத்துகிறேன். வேலைக்கு இரண்டு பெண்கள். கூப்பன் நிறுவனம் ஒன்றின் ஆள் வந்து, "ஆயிரம் ரூபாய் ஃபேஷியலை ஐந்நூறுக்குக் கொடுங்கள். முந்நூறு புது வாடிக்கையாளர்களைக் கொண்டுவருகிறோம். விளம்பரச் செலவே கிடையாது" என்கிறார். அந்த ஐந்நூறில் பாதி அவர்களுக்கு. சேரலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: 'விளம்பரச் செலவே கிடையாது' என்பதை முதலில் அடித்துவிடுங்கள், அம்மா. ஆயிரம் ரூபாய் வேலைக்கு உங்கள் கைக்கு வருவது 250. அவர்கள் எடுக்கும் கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் உங்கள் தலையில்தானா என்று ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். ஆம் என்றால் இன்னுமொரு 45 போய் மிச்சம் 205. கல்லாவிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுக்காத செலவு என்பதால் அது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

இந்த 205 ரூபாயில் கிரீம், பேக், பஞ்சு, துண்டு வெளுக்கிற செலவு எல்லாம் அடங்க வேண்டும். அதற்கு 150 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் சரக்கு விலை உங்களுக்குத்தான் தெரியும். மிஞ்சுவது 55. அந்த இரண்டு பெண்களுக்கும் மாதச் சம்பளமா, வேலைக்கு இவ்வளவு என்று கமிஷனா? மாதச் சம்பளம் என்றால் காலியாகக் கிடக்கும் நாற்காலியில் வருகிற 55 ரூபாயும் வரவுதான். கமிஷன் என்றால் ஒவ்வொரு முகத்துக்கும் நீங்கள் கைக்காசு போடுகிறீர்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. ஒரு ஃபேஷியலுக்கு ஒரு மணி நேரம். ஒரு பெண் நாளொன்றுக்கு ஆறு செய்தால் இரண்டு பேரும் சேர்ந்து பன்னிரண்டு. முந்நூறு கூப்பனை முடிக்க முழுதாக இருபத்தைந்து வேலை நாள்! அதுவரை த்ரெடிங்குக்கு வந்தவர், மணப்பெண் அலங்காரத்துக்கு முன்பணம் கொடுத்தவர் எல்லாரும் எங்கே உட்காருவார்கள்? சனிக்கிழமை மாலை முழு விலை கொடுக்கிற வாடிக்கையாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். கூட்டத்தைக் கண்டு, "அப்புறம் வருகிறேன்" என்று அடுத்த தெருவுக்கு நடப்பார். அவர் அப்புறம் வருவதில்லை.

இத்தனையும் சொல்லிவிட்டு, உங்களைச் சேர வேண்டாம் என்று தடுக்கப் போவதில்லை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் உத்பல் தோலக்கியா 2010இல், குரூப்பான் என்ற கூப்பன் நிறுவனத்தின் மூலம் சலுகை கொடுத்த 150 நிறுவனங்களிடம் கேட்டுப் பார்த்தார். 66 சதவீதத்தினர் லாபம் என்றார்கள், 32 சதவீதத்தினர் நஷ்டம் என்றார்கள். நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இனி அந்தப் பக்கமே போக மாட்டோம் என்றார்கள். தொழில்வாரியாகப் பார்த்தால் நன்றாகத் தேறியவை அழகு நிலையங்களும் ஸ்பாக்களும்தான். உணவகங்கள்தான் அதிகம் அடிபட்டன. லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவில் அவர் கண்ட பெரிய வித்தியாசம் ஊழியர்களின் திருப்தி. ஆகவே கையெழுத்துப் போடுமுன் அந்த இரண்டு பெண்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள். கூப்பன் நாட்களுக்குத் தனிப்படி உண்டு என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

முந்நூறு என்ற பேச்சே வேண்டாம், நாற்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள். நம் ஊரில் செவ்வாய்க்கிழமை முடி வெட்ட யாரும் வருவதில்லை. உங்கள் நாற்காலி அன்றைக்குத்தான் காலி. திங்கள் முதல் வியாழன் வரை, பதினொன்றிலிருந்து நான்கு மணிக்குள், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் என்று எழுதி வாங்குங்கள். பொருள் அதிகம் தின்கிற ஃபேஷியலை விட்டுவிட்டு, கைவேலை மட்டுமே உள்ள தலைமசாஜ் போன்ற ஒன்றைக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். வருகிறவரின் கைபேசி எண்ணை ஒரு நோட்டில் குறித்து, மூன்று மாதம் கழித்து அதில் எத்தனை பேர் முழு விலைக்கு மறுபடி வந்தார்கள் என்று எண்ணுங்கள். நாற்பதில் ஐந்து பேர் தேறவில்லை என்றால் நிறுவனத்தின் ஆள் மறுபடி வரும்போது மோர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

கேள்வி: கூப்பன் இல்லாமல் நான் எந்தக் கடைக்கும் போவதில்லை. கடைக்காரர் வயிற்றில் அடிக்கிறேனா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: கடைக்காரரே நீட்டிய சலுகைதானே, தாராளமாகப் போங்கள். 2013 செப்டம்பரில் வெங்காய விலை ஏறிக் கிடந்தபோது குரூப்பானின் இந்தியக் கிளை கிலோ 9 ரூபாய்க்கு விற்றது. மொய்த்த கூட்டத்தில் இணையதளமே படுத்துவிட்டது. அன்று வெங்காயம் வாங்கியவர்கள் யாரும் பாவம் செய்ததாக நான் நினைக்கவில்லை. டிப்ஸ் கொடுக்கும்போது மட்டும் முழு விலையை வைத்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: கேக் கடை ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. 60 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் ஊரெல்லாம் பெயர் பரவும் என்கிறார்கள். நஷ்டம் வந்தாலும் எண்ணிக்கையில் ஈடுகட்டலாம் அல்லவா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒன்றில் பத்து ரூபாய் போனால் நூறில் ஆயிரம் போகும். எண்ணிக்கை இதை எப்படி ஈடுகட்டும் ஐயா?

இங்கிலாந்தில் ரெடிங் அருகே ஒரு பெண்மணியின் கேக் கடைக்கு 2011இல் நடந்தது இது. 26 பவுண்டு விலையுள்ள 12 கப்கேக்குகளை 6.50 பவுண்டுக்குக் கொடுப்பதாகக் குரூப்பானில் அறிவித்தார். சில நூறு பேர் வாங்கியிருந்தால் தப்பித்திருப்பார். வாங்கியவர்கள் 8,500 பேர். அதாவது 1,02,000 கப்கேக்! கடையின் சொந்த ஆட்கள் போதாமல் ஏஜென்சி ஆட்களை எடுத்தார்கள். ஒவ்வொரு டஜனிலும் இரண்டரை பவுண்டுக்குக் குறையாமல் கைவிட்டுப் போனது. ஏஜென்சி ஆட்களுக்கும் விநியோகத்துக்கும் ஆன கூடுதல் செலவு மட்டும் 12,500 பவுண்டு. அந்த ஆண்டின் லாபம் முழுவதும் கரைந்தது. மாவு, முட்டை, வெண்ணெய் எதுவும் அவருக்குத் தள்ளுபடியில் கிடைக்கவில்லை.

குரூப்பான் 2008இல் சிகாகோவில் தொடங்கியபோது, முதல் சலுகை அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த மதுக்கூடத்தின் பீட்சா: ஒன்றின் விலைக்கு இரண்டு. குறைந்தது இத்தனை பேர் சேர்ந்தால்தான் சலுகை செல்லும் என்பது அன்றைய விதி. கீழ்வரம்பை நிறுவனம் மறக்காமல் வைத்தது. மேல்வரம்பை நீங்கள்தான் நினைவாகக் கேட்டு வாங்க வேண்டும். ரெடிங்கில் விட்டுப்போனது அதுதான்.

பெயர் பரவ வேண்டும் என்றால் ஒரு வழி சொல்கிறேன். பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கக் கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை, ஒரு தட்டு நிறையத் துண்டு போட்ட கேக்கை இலவசமாக அனுப்புங்கள். எத்தனை துண்டு என்பது உங்கள் கையில் இருக்கும்.

கேள்வி: ஜவுளிக்கடைக்காரர்கள் நாங்கள் ஆண்டுதோறும் ஆடித் தள்ளுபடி போடுகிறோம். யாரும் திவாலாகவில்லையே?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ஆடியில் கல்யாணம் இல்லை, கடையில் கூட்டம் இல்லை. தீபாவளிச் சரக்குக்கு அலமாரியும் வேண்டும், பணமும் வேண்டும். முடங்கிக் கிடக்கிற பழைய சேலை பாதி விலைக்குப் போனாலும் புதுச் சரக்குக்கு முதலாகிறது. இடையில் கமிஷன் வாங்குபவரும் இல்லை. எதை, எத்தனை, எந்த விலைக்கு என்பதையெல்லாம் நீங்களே முடிவு செய்கிறீர்கள். தள்ளுபடிக்கென்றே தனியாகச் சரக்கு இறக்குகிற சில கடைகளைப் பற்றி இன்னொரு வாரம் எழுதுகிறேன்; மதுரைக்காரர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: என் உணவகத்துக்குப் பத்தாண்டுகளாக வருகிறவர்களே இப்போது செயலியைக் காட்டி ஒரு பதார்த்தம் இலவசமாகக் கேட்கிறார்கள். சந்தாப் பணம் செயலிக்குப் போகிறது, பதார்த்தம் என் அடுப்பிலிருந்து போகிறது. வெளியே வருவதா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: உங்கள் குறை தனிக்குறை அல்ல. 2017இல் சொமாட்டோ செயலியின் 'கோல்டு' சந்தாத் திட்டம் இந்தியாவில் வந்தபோது உணவகங்கள் ஆவலாகச் சேர்ந்தன. 2019 ஆகஸ்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை தேசிய உணவகச் சங்கத்தின் 'லாக் அவுட்' (logout) இயக்கத்தில் சேர்ந்து, இத்தகைய சலுகைகளிலிருந்து வெளியேறின. சொமாட்டோ விதிகளைத் திருத்தவேண்டியதாயிற்று.

அவசரப்படாமல் ஒரு வாரம் பில்களைப் பிரித்து வையுங்கள். கூப்பன் பில்லில் பழைய முகங்கள் எத்தனை, புதிய முகங்கள் எத்தனை என்று உங்கள் சர்வர்களே சொல்லிவிடுவார்கள். பழையவர்கள் பாதிக்கு மேல் என்றால், உங்கள் சொந்த வாடிக்கையாளரையே நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள், வெளியே வரலாம். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எத்தனை நாள், ஏற்கெனவே சந்தா கட்டியவர்களுக்கு நீங்கள் எதுவரை கொடுக்க வேண்டும் என்ற இரண்டு பத்திகளையும் நகலெடுத்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.