ஈவுத்தொகையும் சொந்த வீடும் எப்படி வருமானமாகின்றன?

ஒரு நிறுவனம் தான் ஈட்டிய லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பணமாகப் பிரித்துக் கொடுப்பதே ஈவுத்தொகை. பங்கை விற்காமலேயே அது வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது. ஆயினும் அது இலவசப் பணம் அன்று. நிறுவனத்தின் கையிருப்பு அந்த அளவுக்குக் குறைவதால், ஈவுத்தொகைக்கான உரிமை முடிந்த நாளில், அதாவது அன்று முதல் பங்கை வாங்குவோருக்கு அத்தொகை கிடைக்காது என்ற நாளில், பங்கின் விலையும் பெரும்பாலும் ஏறத்தாழ அதே அளவு இறங்கித்தான் தொடங்கும். தென்னந்தோப்பைக் காய் பறிக்குமுன் விலை பேசினால் ஒரு தொகை, பறித்தபின் பேசினால் சற்றுக் குறைந்த தொகை என்பதைப் போன்றதே இது. எனவே, ஆண்டுதோறும் காய்க்கிறதா, அதாவது லாபம் தொடர்ந்து வருகிறதா என்பதையே பார்க்க வேண்டும். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் இத்தொகை, பெறுபவரின் மற்ற வருமானத்தோடு சேர்த்து வரிக்கு உட்படுகிறது.

குடியிருக்கும் சொந்த வீடு பணம் தருவதில்லை. வாடகையை மிச்சப்படுத்துகிறது, அந்த மிச்சத்துக்கு வருமான வரியும் இல்லை. வாடகைக்கு விடுவதற்காகவே கடனில் வாங்குவது வேறு கணக்கு: 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு மாதம் 20,000 ரூபாய் வாடகை வந்தால், பராமரிப்புச் செலவுக்கு முன்பே ஆண்டு வரவு 3 சதவீதம்தான், வீட்டுக்கடன் வட்டியோ வழக்கமாக அதைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

‘500 சதவீத ஈவுத்தொகை’ என்ற அறிவிப்பைக் கண்டு போட்ட பணம் ஐந்து மடங்காகத் திரும்பும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சதவீதம் சந்தை விலையின் மீது அன்றி, பங்குக்கு நிறுவனம் குறித்துள்ள அடிப்படை மதிப்பான முகமதிப்பின் மீது கணக்கிடப்படுவதால், 2 ரூபாய் முகமதிப்புள்ள பங்கைச் சந்தையில் 1,000 ரூபாய்க்கு வாங்கியவருக்குக் கிடைப்பது 10 ரூபாய், அதாவது 1 சதவீதம் மட்டுமே.