ஏற்றத்தில் முதுகு, இறக்கத்தில் பாதம்: மவுண்டன் பைக் ஓட்டுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

இயன்முறை மருத்துவராகப் பணிபுரிபவள், விடுமுறை நாள்களில் நீலகிரியின் தேயிலைத் தோட்டப் பாதைகளில் மவுண்டன் பைக் ஓட்டுபவள் என்ற முறையில், குழுவினர் அனுப்பியுள்ள கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எந்தச் சைக்கிள் வாங்கலாம், பந்தயத்துக்கு எப்படித் தயாராகலாம் என்பவை என் துறையில் அடங்கா. எல்லாவற்றுக்கும் முன்பாக ஓர் எச்சரிக்கை. முதுகுவலியோடு சேர்ந்து, சீட்டில் படும் இடத்தில் உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தாலோ, கால் வலுவிழந்து பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கேள்வி (கோவை): வணக்கம் அம்மா. சமவெளியில் 60 கிலோமீட்டர் ஓட்டினாலும் எனக்கு முதுகு வலிப்பதில்லை. கோத்தகிரிப் பக்கம் தோட்டப் பாதைகளில் ஏறத் தொடங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் கீழ்முதுகு இறுகிவிடுகிறது. சைக்கிளும் சீட் உயரமும் அவையேதான். பிறகு ஏன் இப்படி?

பதில்: சைக்கிள் அதுவேதான், ஆனால் மலையில் அது நிற்கும் கோணம் வேறு. 10 விழுக்காடு சரிவில் ஏறும்போது சைக்கிள் முழுவதும் ஏறத்தாழ 5.7 டிகிரி பின்னோக்கிச் சாய்கிறது. வீட்டு முற்றத்தில் மட்டமாக வைத்த சீட்டின் மூக்கு இப்போது அந்த அளவுக்கு மேலே தூக்கி நிற்கிறது. அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உங்கள் இடுப்பெலும்பு பின்பக்கமாக உருளுகிறது. கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகிவிடுகிறது. முன்சக்கரம் தரையை விட்டு எழும்பாமலிருக்க நீங்கள் மார்பை ஹேண்டில்பாரை நோக்கித் தாழ்த்துகிறீர்கள். இடுப்பு பின்னோக்கி, மார்பு முன்னோக்கி என்று இரண்டும் எதிரெதிரே போகும்போது, வளைவு முழுவதையும் நடுவிலுள்ள கீழ்முதுகுதான் தாங்க வேண்டியிருக்கிறது. பின்னாலும் ஷாக் அப்சார்பர் உள்ள சைக்கிளானால், ஏற்றத்தில் எடை பின்னால் போய் அது கூடுதலாக அமுங்கும். சாய்வு இன்னும் அதிகரிக்கும்.

இதோடு கியரும் சேர்ந்துகொள்கிறது. கனமான கியரில் நிமிடத்துக்கு 50 சுற்று மிதிப்பவரின் ஒவ்வொரு மிதியும் இடுப்பை ஒரு பக்கமாக இழுக்கிறது. அதை அசையாமல் பிடித்து வைக்கும் வேலை முதுகுத் தசைகளுக்கு வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரையிலான தார்ச்சாலையின் சராசரிச் சரிவு நான்கைந்து விழுக்காடுதான். தோட்டத்துக்குள் கல் பாவிய பாதைகளில் 15 விழுக்காடு சாதாரணம். அங்கே இந்தத் தசைகளுக்கு இளைப்பாற ஒரு கணமும் கிடைப்பதில்லை.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். கைப்பேசியின் மட்டம் பார்க்கும் செயலியைச் சீட்டின் மேல் ஒரு தட்டையான அட்டையை வைத்து அதன்மீது வையுங்கள். மூக்கை இரண்டு அல்லது மூன்று டிகிரி தாழ்த்துங்கள். 1999-இல் இஸ்ரேலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், முதுகுவலியுள்ள சைக்கிள் ஓட்டுநர்களின் சீட்டை 10 முதல் 15 டிகிரி வரை முன்பக்கம் தாழ்த்தியபோது, அவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வலி குறைந்ததாகத் தெரிவித்தனர். மலைப்பாதைக்கு அவ்வளவு சாய்வை நான் பரிந்துரைக்க மாட்டேன். மட்டமான தரையிலும் இறக்கத்திலும் உடல் முன்னால் வழுக்கி, எடை முழுவதும் மணிக்கட்டில் விழும். அடுத்ததாக, நிமிடத்துக்கு 70 சுற்றுக்குக் குறையாமல் மிதிக்கக்கூடிய கியரில் ஏறுங்கள். முன்னால் மூன்று பல்சக்கரங்கள் உள்ள சைக்கிள்களில் மிகச் சிறியது இதற்காகவே இருக்கிறது. பலர் அதை ஒரு முறைகூடத் தொடுவதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று, இருபது மிதி மிதித்துவிட்டு உட்காருங்கள்.

ஒன்றை மாற்றி, இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததை மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்பது கடைசிவரை தெரியாது.

கேள்வி (ஈரோடு): சீட்டின் சரியான உயரம் என்ன மேடம்?

பதில்: சீட்டில் உட்கார்ந்து, பெடலை மிகக் கீழே கொண்டுவந்து, குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் முழுவதும் நீண்டிருக்க வேண்டும். இடுப்பு ஒருபக்கம் சரியக் கூடாது. பிறகு பாதத்தை வழக்கமான இடத்துக்குக் கொண்டுவந்தால் முழங்கால் தேவையான அளவு மடங்கும். கணக்குப் போட விரும்புபவர்கள் வெறுங்காலில் நின்று, கவட்டிலிருந்து தரை வரையிலான உயரத்தை 0.883-ஆல் பெருக்கலாம், பெடல் தண்டு சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையிலான தூரம் அது. அதன் பிறகு நண்பர் ஒருவரைப் பின்னால் வரச்சொல்லிப் படம் எடுங்கள். கால்சட்டையின் இடுப்புப் பட்டை ஒவ்வொரு மிதிக்கும் இடம் வலமாகத் தாழ்ந்து எழுந்தால் சீட் உயரம் அதிகம். ஐந்து மில்லிமீட்டர் இறக்கிவிட்டு மறுபடியும் படம் எடுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): ஒன்றரை மணி நேரம் ஓட்டியதும் பாதத்தின் முன்பகுதி தீயில் வைத்ததுபோல் எரிகிறது. மூன்றாவது, நான்காவது விரல்கள் மரத்துப்போகின்றன. ஓடுவதற்கான ஷூவைத்தான் அணிகிறேன்.

பதில்: காரணத்தைக் கடைசி வாக்கியத்தில் நீங்களே எழுதிவிட்டீர்கள். விரல்களுக்குச் செல்லும் நரம்புகள் பாதத்தின் நீண்ட எலும்புகளுக்கு இடையே ஓடுகின்றன. மூன்றாம், நான்காம் விரல்களுக்கு இடைப்பட்ட நரம்பு எளிதில் நசுங்கக்கூடியது. ஓட்ட ஷூவின் அடிப்பகுதி தரையில் மோதும் அதிர்வைத் தாங்குவதற்காக மென்மையாகச் செய்யப்படுகிறது; பெடலின் மேல் அதே மென்மை பாதகமாகிறது. பெடலின் விளிம்பும் அதிலுள்ள சிறு முளைகளும் ஷூவை அமுக்கி, ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை எலும்புகளை நெருக்குகின்றன. கையால் வளைத்தால் நடுவில் மடங்காத அளவுக்கு அடி கெட்டியான ஷூவும், பாதத்தின் அகலத்துக்கு இணையான பெடலும் தேவை. ஷூவை மாலை வேளையில் வாங்குங்கள். வெயிலிலும் நீண்ட ஓட்டத்திலும் பாதம் வீங்குவதால், காலையில் கச்சிதமாக இருந்த ஷூ மதியத்தில் நெருக்கும். பாதத்தை இன்னும் சற்று முன்னால் தள்ளி வைத்து, பெடலின் அச்சு பெருவிரல் மேட்டுக்குப் பின்னே வருமாறு மிதியுங்கள். ஏற்றம் தொடங்கும் முன் ஷூவின் கயிற்றைச் சற்றுத் தளர்த்துங்கள்.

ஓட்டி முடித்து ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் மரத்த நிலை நீடித்தால், அல்லது சைக்கிள் ஓட்டாத நாள்களிலும் வந்தால், நேரில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (சேலம்): எனக்குச் சர்க்கரை நோய் எட்டு ஆண்டுகளாக உள்ளது. எனக்கும் பாதம் மரத்துப்போகிறது. மேலே சொன்னதையே நானும் செய்யலாமா?

பதில்: தயவுசெய்து முதலில் பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்கள் மரத்த நிலைக்குச் சர்க்கரையால் ஏற்பட்ட நரம்புப் பாதிப்பு காரணமாக இருக்கலாம். அப்படியானால் ஷூ உரசி ஏற்படும் கொப்புளம்கூட வலி தெரியாமல் புண்ணாகிவிடும். மருத்துவர் அனுமதித்த பிறகும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கான குறிப்புகளை உங்களுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி (பெங்களூரு): ஷூவின் அடியைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடலுக்கு மாறியதும் என் பாதவலி முற்றிலும் நின்றது. கிளிப் இருந்தால் பெடலை மேலே இழுக்கவும் முடியும் என்பதால் பாரம் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. எல்லாரையும் கிளிப்புக்கு மாறச் சொல்லாமல், நீங்கள் ஏன் அகலமான தட்டைப் பெடலைப் பரிந்துரைக்கிறீர்கள்?

பதில்: உங்கள் வலி நின்றதில் மகிழ்ச்சி. ஆனால் அதற்குக் கிளிப் ஷூவின் கெட்டியான அடிப்பகுதியே போதுமான காரணம். விசையை அளக்கும் பெடல்களை வைத்துப் பார்த்தால், நன்கு பயின்றவர்கள்கூடச் சீராக மிதிக்கும்போது பெடலை மேலே இழுப்பதில்லை. மேலெழும் காலின் எடையைக் குறைத்துக்கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேண்டுமென்றே மேலே இழுத்து மிதிக்கச் சொன்னபோது அதே வேலைக்கு உடல் கூடுதல் ஆற்றலைச் செலவழித்தது.

முதுகுவலி உள்ளவர்களுக்கு இதில் இன்னோர் இடரும் இருக்கிறது. தொடையை மேலே தூக்கும் முதன்மைத் தசை கீழ்முதுகின் எலும்புகளிலிருந்தே தொடங்குகிறது. ஏற்றம் முழுவதும் பெடலை மேலே இழுத்துக்கொண்டு வருபவர் அந்தத் தசையைச் சோர்வடையச் செய்து, ஏற்கெனவே வளைந்திருக்கும் கீழ்முதுகின்மேல் கூடுதல் இழுவையைச் சுமத்துகிறார் என்பது நோயாளிகளைப் பார்த்து நான் கொண்டுள்ள கருத்து.

கேள்வி (உதகை): சரியாகச் சொன்னீர்கள் அம்மா! மவுண்டன் பைக் வீரர் சாம் ஹில் தட்டைப் பெடலில்தான் 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள், இறக்கங்களில் நேரம் கணக்கிடும் எண்டியூரோ பந்தயங்களின் உலகத் தொடரை வென்றார். கிளிப் என்பது வெறும் வியாபாரம்.

பதில்: சாம் ஹில் பற்றிய தகவல் சரி, நீங்கள் எடுத்த முடிவை நான் ஏற்கவில்லை. குலுங்கும் இறக்கத்தில் பாதம் பெடலை விட்டு எழும்பாமலிருப்பது கிளிப்பின் உண்மையான பயன். விரல்களை மடக்கி ஷூவுக்குள்ளேயே பெடலைப் பற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது பெரிய நிம்மதி. நீண்ட தூரப் பந்தயம் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் கிளிப்பையே விரும்புகிறார்கள். அவர்கள் அனைவரும் ஏமாந்தவர்கள் அல்லர்.

கேள்வி (பெங்களூரு, மீண்டும்): அப்படியானால் கிளிப் பயன்படுத்தும் என்னைப் போன்றவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இது நல்ல கேள்வி. கிளிப் உங்கள் பாதத்தை ஒரே இடத்தில் பூட்டிவிடுகிறது. அந்த இடம் தவறானால் தட்டைப் பெடலைவிடத் துன்பம் அதிகம். ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் துண்டான கிளீட்டின் இரண்டு திருகுகளையும் 4 மில்லிமீட்டர் ஆலன் கீயால் தளர்த்தி, கிளீட்டைக் குதிகால் பக்கமாக நகர்த்துங்கள். கழற்றும் முன் பழைய இடத்தைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடிட்டுக்கொள்ளுங்கள். கிளீட் பின்னே போனால் கால் நீளுவது சற்றுக் குறையும் என்பதால், சீட்டைச் சில மில்லிமீட்டர் இறக்கவும் நேரலாம். இதே பெடல் விவாதத்தைத் தொடரும் இன்னும் பல கடிதங்கள் வந்துள்ளன. முதுகுவலியோடு காத்திருப்பவர்களுக்காக அவற்றைத் தள்ளிவைக்கிறேன்.

கேள்வி (திருப்பூர்): என் உயரம் 172 சென்டிமீட்டர். சீட்டை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும்?

பதில்: ஈரோட்டு நண்பருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். உடல் உயரத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. கால் நீளம் வேண்டும்.

கேள்வி (மதுரை): எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஜவ்வு விலகியிருப்பதாகச் சொன்னார்கள். இனி சைக்கிளை விற்றுவிட வேண்டியதுதானா? வலி முதுகில் மட்டும் இருக்கிறது, காலுக்கு இறங்கவில்லை.

பதில்: விற்க வேண்டாம். வலியே இல்லாதவர்களுக்கு எடுத்த படங்களைத் தொகுத்து 2015-இல் வெளியிட்டார்கள். நீங்கள் ஜவ்வு என்று சொல்லும் டிஸ்க் புடைத்திருப்பது 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் காணப்பட்டது. நரைமுடிபோல அதுவும் வயதோடு வருவது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடாது. வலி காலுக்கு இறங்காதவரை, மட்டமான பாதையில் குறைந்த தூரத்திலிருந்து தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டலாம். முழங்காலுக்குக் கீழே வலி இறங்கினாலோ கால் வலுவிழந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தொடக்கத்தில் சொன்ன அவசர அறிகுறிகளையும் வீட்டாரிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி (சென்னை): இடுப்புக்குப் பெல்ட் போட்டுக்கொண்டு ஓட்டலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி (குன்னூர்): ஏறுவதில் எனக்குத் தொல்லை இல்லை. கல் நிறைந்த நீண்ட இறக்கத்தில் உள்ளங்காலின் வளைவும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்கின்றன.

பதில்: இறக்கத்தில் உங்கள் கால்கள்தாம் ஷாக் அப்சார்பர். நீங்கள் அநேகமாகக் குதிகாலைத் தூக்கி, விரல் நுனியில் நிற்கிறீர்கள். அப்போது ஒவ்வொரு கல்லின் அடியையும் கெண்டைத் தசையும் உள்ளங்காலும் மட்டுமே வாங்குகின்றன. பாதத்தின் நடுப்பகுதி பெடலின்மேல் வரட்டும், குதிகால் தாழட்டும், முழங்கால் சற்று மடங்கட்டும். முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டிலிருந்து முன்னால் குனியுங்கள். எப்போதும் ஒரே காலை முன்னால் வைக்காமல், வளைவுகளில் மாற்றி வையுங்கள். டயரில் காற்று கல்லுப்போல் இருந்தால் அதைக் குறையுங்கள்; இரண்டேகால் அங்குல அகல டியூப் டயருக்கு, நடுத்தர உடல் எடையுள்ளவர் 25 முதல் 30 பி.எஸ்.ஐ. வரை வைத்தால் போதும். பலர் இருமடங்கு அடைத்துக்கொண்டு வருகிறார்கள்.

கேள்வி (கரூர்): காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஊசி குத்துவதுபோல் வலிக்கிறது. சைக்கிளால் வந்ததா?

பதில்: நம் பக்கத்தில் குதிகால் வாதம் என்று சொல்வதன் அறிகுறி இது. சைக்கிளால் மட்டும் வருவது குறைவு. நாள் முழுவதும் கடினமான தரையில் வெறுங்காலில் நிற்பதும் காரணமாகும். ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்து, படிக்கட்டின் விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று, மெதுவாகக் குதிகாலை உயர்த்தி, இரண்டு நொடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும்.

கேள்வி (டொராண்டோ): இங்கே டான் பள்ளத்தாக்கில் ஓட்டுகிறேன். எந்தக் கடையில் உடலளவுக்கு ஏற்பச் சைக்கிளைச் சரிசெய்துகொள்ளலாம்?

பதில்: அங்குள்ள கடைகளை நான் அறியேன், உள்ளூர் ஓட்டுநர் குழுவிடம் கேளுங்கள். உங்களை நேரில் மிதிக்கவைத்துப் பார்க்காமல், அளவை மட்டும் எடுத்துக்கொண்டு சரிசெய்பவரைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி (நாமக்கல்): சீட் உயரம் பற்றி...

பதில்: ஈரோட்டுக் கேள்விக்கான பதில்.

கேள்வி (பொள்ளாச்சி): விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, காரில் சைக்கிளை ஏற்றி, வால்பாறை போய் இறக்கி ஓட்டத் தொடங்குகிறேன். முதல் ஏற்றத்திலேயே முதுகு வலிக்கிறது. அங்கேயே ஒரு நாள் தங்கிவிட்டு மறுநாள் ஓட்டினால் வலிப்பதில்லை.

பதில்: நுட்பமாகக் கவனித்திருக்கிறீர்கள். இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்தால் அவற்றின்மேல் விழும் அழுத்தம் பகலைவிட அதிகம். நீங்கள் அந்த நேரத்தில்தான் குனிந்து சைக்கிளைத் தூக்குகிறீர்கள். அதன் பிறகு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் காரில் கூனி உட்கார்ந்திருக்கிறீர்கள். இறங்கியதும் உடனே அதே கூனலில் ஏற்றம் மிதிக்கிறீர்கள். சைக்கிளை முந்தைய மாலையே காரில் ஏற்றிவிடுங்கள். வால்பாறையில் இறங்கியதும் பத்து நிமிடம் நடங்கள். கைகளை இடுப்பில் வைத்துச் சில முறை பின்னால் வளையுங்கள். முதல் கால்மணி நேரம் மட்டமான பாதையில் ஓட்டுங்கள்.

கேள்வி (தேனி): முதுகுப்பையில் மூன்று லிட்டர் தண்ணீரும் கருவிகளும் கொண்டுபோகிறேன். அது காரணமாகுமா?

பதில்: ஆகும். தண்ணீரைச் சட்டத்தில் மாட்டும் பாட்டிலுக்கும், கருவிகளைச் சீட்டுக்கு அடியிலுள்ள சிறுபைக்கும் மாற்றுங்கள்.

கேள்வி (கோவை): ஓட்டாத நாள்களில் செய்யக்கூடிய பயிற்சிகளைச் சொல்லுங்கள் அம்மா.

பதில்: கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் முன்வைத்த மூன்று பயிற்சிகளில் இரண்டை நான் எல்லாருக்கும் தருகிறேன். முதலாவது, கையும் முழங்காலும் ஊன்றி நின்று, ஒரு கையையும் எதிர்ப்புறக் காலையும் நீட்டிப் பத்து நொடி நிறுத்துவது. கீழ்முதுகின்மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் சிந்தாத அளவுக்கு இடுப்பு அசையாமலிருக்க வேண்டும். இரண்டாவது, ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பிடிப்பது. தொடக்கத்தில் முழங்காலை மடக்கிச் செய்யலாம். இவற்றோடு மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்தும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் முதுகு செய்யும் வேலையைப் பிட்டத் தசைகள் ஏற்றுக்கொள்ள அது உதவும். காலையில் எழுந்தவுடன் செய்யாமல், மாலையில் செய்யுங்கள்.