கேக் டெக்கரேஷன் கிளப்: இருக்கறதுல சேரலாமா, நாமளே ஆரம்பிக்கலாமா?

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "ரெண்டு வருஷமா வீடியோ பாத்து பாத்து வீட்லயே கேக் டெக்கரேட் பண்றேன். பட்டர்கிரீம் ரோஸ் ஓரளவு வருது, ஆனா கேக்கை சுத்தி தோரணம் மாதிரி தொங்கவிடற ஸ்ட்ரிங் மட்டும் எத்தனை தடவ போட்டாலும் அறுந்துடுது. கூட உக்காந்து கத்துக்க ஆள் இருந்தா நல்லாருக்கும். ஒரு கிளப் இருக்கு, ஆனா அங்க எல்லாரும் போட்டிக்கு போறவங்க மாதிரி தெரியுது. அதுல சேரவா, இல்ல தெரிஞ்ச நாலு பேரோட நானே ஆரம்பிக்கவா? நான் எக்ஸ்பர்ட் இல்லையே, என்னை நம்பி யாரு வருவாங்க?"

உங்க ஸ்ட்ரிங்ல இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா பதில் அதுலதான் இருக்கு. எனக்கும் அது ரொம்ப நாள் அறுந்துட்டேதான் இருந்துச்சு, ஐசிங் சரியில்லன்னு நினைச்சு தினம் ஒரு பதத்துல கலக்கிட்டு இருந்தேன். ஒருநாள் எங்க குரூப்ல வயசான ஒரு அம்மா பக்கத்துல வந்து நின்னு பாத்துட்டு, "கை ஏன் கீழ இறங்குது?"ன்னு கேட்டு என் மணிக்கட்டை அப்படியே புடிச்சுக்கிட்டாங்க. அவ்ளோதான் விஷயம். நாம என்ன பண்றோம்னா வளைவை நாசிலாலயே, அதான் ஐசிங் பையோட முனையாலயே, வரையப் பாக்கறோம், அது தப்பு. தொட்டு ஒட்ட வச்சுட்டு, பையை அமுக்கிக்கிட்டே கையை உங்க பக்கம் இழுத்து, அடுத்த புள்ளிக்கு நேரா அதே மட்டத்துல கொண்டு போய் ஒட்டணும், தொங்கறது ஐசிங்கோட வேலை, அது தன் கனத்துலயே தொங்கிக்கும். அறுந்தா நீங்க அமுக்கறதை விட வேகமா இழுக்கறீங்க, இல்லன்னா ஐசிங் கெட்டி. சுருண்டு சுருண்டு விழுந்தா அமுக்கறது ஜாஸ்தி. டம்மியை, அதாவது கேக்குக்கு பதிலா வச்சு பழகற தெர்மாகோல் கட்டையை, கண் மட்டத்துக்கு தூக்கி வச்சுக்கோங்க, குனிஞ்சு போட்டா எல்லாம் கோணலாத்தான் வரும்.

இதை எந்த வீடியோவும் எனக்கு சொல்லல, சொல்லியிருந்தாலும் என் கை இறங்குறது எனக்கே தெரியல. கிளப்புன்னு ஒண்ணு வேணும்னா அது இதுக்குத்தான், நம்ம கையை இன்னொருத்தர் பாக்கறதுக்கு.

அதனால அந்த கிளப்பை போட்டிக்காரங்கன்னு ஒதுக்கிடாதீங்க. கெஸ்ட்டா ரெண்டு தடவ போய் பாருங்க, ஒரு தடவ பத்தாது, முதல் நாள் எல்லாருமே நல்லாத்தான் பேசுவாங்க. டிஸ்ப்ளே டேபிளை பாக்காதீங்க, கைகளை பாருங்க. ஒருத்தர் டெமோ காட்ட மத்தவங்க வரிசையா உக்காந்து பாத்துட்டு கிளம்பினா அது கிளாஸ். டெமோ முடிஞ்சதும் எல்லார் கையிலயும் பை இருக்கா, புதுசா வந்தவங்க பக்கத்துல யாராவது தானா வந்து உக்காந்தாங்களா, அப்படின்னா கண்ண மூடிட்டு சேருங்க. போட்டிக்கு போறவங்க கிட்ட நுணுக்கம் நிறைய இருக்கும், ஸ்ட்ரிங் அறுந்தா ஏன்னு பாத்த உடனே சொல்லிடுவாங்க.

இன்னொண்ணு, தேடும்போது கேக் டெக்கரேஷன்னு மட்டும் தேடாம ஷுகர்கிராஃப்ட்னும் (சர்க்கரையில பூ, அலங்காரம் எல்லாம் செய்யற கலை) தேடிப் பாருங்க, பழைய சங்கங்கள்ல சிலது இந்தப் பேர்லதான் இருக்கு. பிரிட்டிஷ் ஷுகர்கிராஃப்ட் கில்ட் 1981ல ஆரம்பிச்சது, அதுக்கு ஊர் ஊரா கிளைகள். அமெரிக்காவுல ஐசிஇஎஸ்ங்கற கேக் அலங்காரக்காரங்க சங்கம் 1976ல ஆரம்பிச்சது.

சரி, அங்க ஒட்டலன்னா நீங்களே ஆரம்பிங்க. எக்ஸ்பர்ட் ஆகணும்னு காத்திருக்க வேண்டாம். ஒருத்தருக்கு ரோஸ் வரும், ஒருத்தருக்கு ஃபாண்டன்ட், அதான் கேக் மேல விரிக்கற சர்க்கரை மாவு, சுருக்கம் இல்லாம போத்த வரும், ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் தனக்கு வர்றதை காட்டினா போதும். நாலுல இருந்து ஆறு பேர், ஒரே மேஜை, ஒரு மீட்டிங்குக்கு ஒரே ஒரு வேலை. தலைவர் செயலாளர்னு இப்பவே போகாதீங்க. யாரும் கேக் பேக் பண்ணி தூக்கிட்டு வரவேண்டாம், தெர்மாகோல் டம்மி போதும். ப்ராக்டிஸுக்கு வெஜிடபிள் ஷார்ட்டனிங்கும் (வனஸ்பதி மாதிரி கெட்டி கொழுப்பு) ஐசிங் ஷுகரும் கொஞ்சம் தண்ணியும் சேத்து அடிச்சா பைப் பண்ணிட்டு வழிச்சு எடுத்து திரும்ப திரும்ப போடலாம், ஆனா அதை சாப்பிட வைக்காதீங்க, டப்பா மேல பெருசா எழுதிடுங்க. ராயல் ஐசிங்குக்கு, அதாவது முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் ஷுகரும் அடிச்சு பண்ற, காஞ்சா கெட்டியாகற ஐசிங்குக்கு, பை, கிண்ணம் எல்லாம் தனியா வைங்க, துளி எண்ணெய் பசை இருந்தாலும் அது நீர்த்துப் போயிடும், அதுவும் பிளாஸ்டிக் கிண்ணம் கழுவினாலும் பசையை விடாது, ஸ்டீலோ கண்ணாடியோ நல்லது. ஏர்பிரஷ், பெரிய கட்டர் செட் மாதிரி எப்பவாவது எடுக்கற சாமானை பொதுவா வாங்கிட்டு, யார் வீட்ல எது இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க.

இப்ப மனசு நோகற இடத்துக்கு வர்றேன். இந்த மாதிரி குரூப்புங்க உடையறதுக்கு காரணம் ஐசிங் இல்ல, ஆர்டர். ஆசைக்கு பண்றவங்களும் விக்கறவங்களும் ஒரே மேஜையில உக்காருவாங்க, கொஞ்ச நாள்ல ஒருத்தர் காட்டின டிசைன் இன்னொருத்தரோட பேஜ்ல வந்துடும், அன்னைல இருந்து யாரும் எதையும் முழுசா சொல்ல மாட்டாங்க. எங்க குரூப்ல நல்ல கைக்காரங்க ரெண்டு பேர் இப்படித்தான் சொல்லாமலே நின்னுட்டாங்க, இன்னைக்கும் எனக்கு அது வருத்தம். அதனால முதல் நாளே வாய்விட்டு பேசிடுங்க: யாரோட வேலையை போட்டோ எடுத்தாலும் கேட்டுட்டுதான் போடணும், போட்டா பேர் சொல்லணும், ஒருத்தரோட கஸ்டமர் கிட்ட இன்னொருத்தர் போகக்கூடாது. பேச சங்கடமாத்தான் இருக்கும், பரவால்ல.

சாப்பிடற கேக் பண்ற நாளா இருந்தா யாருக்கு என்ன அலர்ஜின்னு முன்னாடியே கேளுங்க, நட்ஸ் முக்கியமா. ராயல் ஐசிங்ல பச்சை முட்டை வெள்ளைக்கரு வேண்டாம், சால்மோனெல்லா பயம் இருக்கு, அதுக்கு பதிலா மெரிங் பவுடர் (காய வச்ச வெள்ளைக்கரு சேர்ந்த பொடி) போடுங்க. மினுமினுக்கற டஸ்ட் விஷயத்துல கண்டிப்பா இருங்க. டப்பாவுல நான்-டாக்ஸிக்னு இருந்தா அது சாப்பிடலாம்னு அர்த்தம் இல்ல, எடிபிள்னு போட்டு என்னென்ன சேத்திருக்காங்கன்னும் எழுதியிருக்கணும். 2018ல அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல ஒரு பிறந்தநாள் கேக் மேல அடிச்ச டஸ்ட்ல செம்பு இருந்து 6 குழந்தைங்களுக்கு வாந்தியாயிடுச்சு. பொது பெட்டியில யார் டஸ்ட் கொண்டுவந்து போட்டாலும் லேபிளை படிச்சுட்டு உள்ள வைங்க. கம் பேஸ்ட்ல (பூ செய்யற சர்க்கரை மாவு) பண்ற பூவோட கம்பியையும் நேரா கேக்ல குத்தாதீங்க, ஸ்ட்ராவோ போசி பிக்குங்கற சின்ன பிளாஸ்டிக் குழாயோ வச்சு அதுக்குள்ள விடுங்க.

இடம் யார் வீடா இருந்தாலும் சரி, ஃபாண்டன்ட் நாள் அன்னைக்கு மட்டும் நேரா ஃபேன் காத்து படாத மேஜையா பாருங்க, உருட்டறதுக்குள்ள காஞ்சு வெடிச்சிடும்.

முதல் மீட்டிங்கை ஸ்ட்ரிங்லயே வைங்களேன். பேப்பர் பட்டையை டம்மி சுத்தளவுக்கு வெட்டி, எட்டு சம மடிப்பா மடிச்சு, பிரிச்சு சுத்தி, மடிப்பு வர்ற இடத்துல குண்டூசியால லேசா புள்ளி வச்சுக்கோங்க. 2ஆம் நம்பர் ரவுண்ட் நாசில். ரெண்டு ரெண்டு பேரா உக்காருங்க, ஒருத்தர் போடும்போது மத்தவர் ஐசிங்கை பாக்கவே கூடாது, மணிக்கட்டை மட்டும் பாக்கணும், இறங்கினா உடனே சொல்லணும். பத்து ஸ்ட்ரிங் போட்டதும் ஆள் மாத்துங்க.