இரண்டாம் முறையும் அதே விடுதிக்குப் போனோம். அதே அறையைக் கேட்டதுதான் பிழை

தேனிலவுக்குப் போன, குழந்தைகளை அனுமதிக்காத கரீபியன் விடுதிக்கே பத்தாண்டுகள் கழித்து மனைவியுடன் மறுபடியும் போகலாமா, அல்லது அதே பணத்தில் வேறு தீவைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை முதலில் உங்களிடம் உறவினர் யாரோ கேட்டிருக்க வேண்டும், அந்தக் குத்தல் ஆறாமல்தான் நீங்கள் இங்கே எழுதியிருக்கிறீர்கள் என்று நானாகவே ஊகித்துக்கொண்டேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். என்னிடம் கேட்டவர் என் மச்சாள். “உந்தக் காசுக்கு ஊருக்குப் போய் வந்திருக்கலாமே, அதுவும் போன இடத்துக்கே திரும்பவும் போறதோ?” என்று ஒரு பிறந்தநாள் விழாவில் பத்துப் பேர் முன்னிலையில் கேட்டார். அவருக்கு அன்று சொல்லாத பதிலைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தயங்காமல் போங்கள். அதே அறையை மட்டும் கேட்காதீர்கள்.

நாங்கள் கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் வசிப்பவர்கள். நான் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு உதவியாளர். கணவர் இருபது ஆண்டுகளாக இரவு வேலை செய்பவர். திருமணமாகிப் பதினைந்தாம் ஆண்டில், 2013 பெப்ரவரியில், பிள்ளைகள் இருவரையும் என் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு ஜமெய்க்காவின் மேற்கு முனையில் இருக்கும் நெக்ரிலுக்கு ஒரு கிழமை போனோம். பதினோரு ஆண்டுகள் கழித்து, 2024 பெப்ரவரியில், அதே விடுதிக்கு மறுபடியும் போனோம். விடுதியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் விளம்பரம் என்று ஒருவர் வருவார், பின்னால் வரும் குறைகளைப் படித்துவிட்டு அவதூறு என்று இன்னொருவர் வருவார்.

‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்ற சொற்றொடரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தமிழில் அதைக் கேட்டவுடன் நம்மவர்களுக்குத் திரைப்படச் சுவரொட்டிதான் நினைவுக்கு வருகிறது. பெரும்பாலான இடங்களில் அதற்குப் பொருள், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் தங்க முடியாது என்பது மட்டுமே. இணையர்களை மட்டும் சேர்க்கும் விடுதி என்பது வேறு வகை. அங்கே தனியாளாகவோ நண்பர் கூட்டமாகவோ போக முடியாது. அந்த வகையும் ஜமெய்க்காவில் நெடுங்காலமாக இருக்கிறது: 1978இல் ஓச்சோ ரியோஸில் ஒன்று தொடங்கியது, 1981இல் புட்ச் ஸ்டூவர்ட் என்ற ஜமெய்க்கா வணிகர் மொன்ரிகோ பேயில் திறந்த விடுதி பின்னர் பல தீவுகளுக்குப் பரவியது. நெக்ரிலில் ஆடையின்றி உலாவுவதற்கென்று தனிப் பகுதி வைத்திருக்கும் விடுதிகளும் உண்டு என்பதை மறைக்கவில்லை. அவர்கள் அதைத் தங்கள் இணையப் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். வாசித்துவிட்டுப் பதிவு செய்தால் யாருக்கும் அதிர்ச்சி வராது. நாங்கள் போனது அப்படிப்பட்டதன்று. பிள்ளைகள் மீது வெறுப்பில் போனதாகவும் எவரும் எழுத வேண்டாம். இரண்டு பிள்ளைகளை வளர்த்துப் படிக்க வைத்திருக்கிறேன், ஒரு கிழமை எவருக்கும் சோறு போடாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு.

முதல் பயணத்தில் அந்த உரிமையைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்பதே உண்மை. அதுவரை என் வாழ்க்கையில் பயணம் என்றாலே உறவினர் வீட்டில் பாய் விரித்துப் படுப்பதும், காலையில் எழுந்து அவர்களுடைய அடுப்படியில் வெங்காயம் உரிப்பதும்தான். நெக்ரிலில் முதல் மூன்று நாளும், அறையைச் சுத்தம் செய்யும் பெண் வருவதற்கு முன்னரே நான் கட்டிலை விரித்து, துவாய்களை மடித்து வைத்துவிட்டேன். வேலையில் ஒரு நாளைக்கு எட்டுப் பேருடைய படுக்கையை மாற்றுகிறவள், என் படுக்கையை இன்னொருத்தி மாற்றுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூச்சப்பட்டேன். மூன்றாம் நாள் அவர் வாசலில் நின்று சிரித்துவிட்டு, நான் தன் வேலையைப் பறித்தால் தன்னை நிறுத்திவிடுவார்கள் என்றார். நான்காம் நாள்தான் பால்கனியில் போய் உட்கார்ந்தேன். அங்கே கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு நாட்டு வாதுமை மரம் நின்றது. பெப்ரவரியில் அதன் இலைகள் சிவந்து உதிரும். ஒவ்வொரு காலையும் ஓர் இலை பால்கனித் தரையில் கிடக்கும். இவர் சாரம் கட்டிக்கொண்டு அதைப் பொறுக்கி மேசையில் வைப்பார். ஏழு நாளும் செய்தோம் என்று சொல்லிக்கொள்ள எங்களிடம் உள்ளது அவ்வளவுதான்.

அந்த மரத்துக்காகவே இரண்டாம் முறை இரண்டு மாதம் முன்னதாக மின்னஞ்சல் அனுப்பி அதே அறையைக் கேட்டு வாங்கினேன். செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேட வேண்டிய தேவைதான் இல்லாமற் போயிருந்தது. ரொறன்ரோவிலிருந்து விமானம் நான்கு மணி நேரம், விமானம் இறங்கும் மொன்ரிகோ பேயிலிருந்து நெக்ரிலுக்கு ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர், பேருந்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். நம் ஊர் போல இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால், கனடாவில் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய பின்னும் இவருடைய உடம்பு ஒவ்வொரு வளைவிலும் ஊரை நினைத்துக்கொள்கிறது. வரவேற்பு மேசையில், திரும்பி வந்தவர்கள் என்று தெரிந்ததும் ‘வீட்டுக்கு நல்வரவு’ என்றார்கள். எங்கள் பின்னால் நின்ற, முதன்முறை வந்த இணையரிடமும் அதையே சொன்னார்கள்.

அறைக் கதவைத் திறந்தேன். மரம் இல்லை. அது நின்ற இடத்தில் புதிய நீச்சல் குளம், அதன் நடுவில் நீரில் நின்றபடியே குடிக்கும் மதுக்கூடம், காலை பத்து மணிக்குத் தொடங்கும் ஒலிபெருக்கி. மரப் பலகைக் கைப்பிடி இருந்த பால்கனிக்கு இப்போது கண்ணாடித் தடுப்பு. குளியலறைக்குக் கதவே இல்லை, பனி படிந்ததுபோல் ஒரு கண்ணாடிப் பலகைதான். இருபத்தாறு ஆண்டு குடும்பம் நடத்தியவர்களுக்கும் இடையில் ஒரு கதவு வேண்டும் என்பது இந்தக் காலத்துக் கட்டடக் கலைஞர்களுக்கு ஏன் விளங்குவதில்லை என்று தெரியவில்லை. நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன் என்பதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. இவர் பெட்டியைக்கூடத் திறக்காமல், “ஆர் உமக்குச் சொன்னது, மரம் பாத்துக்கொண்டு நிக்கும் எண்டு?” என்றார். இரண்டு நாள் அந்த அறையில் இருந்து பழைய அறையோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுச் சண்டை போட்டோம். மூன்றாம் நாள், கடல் தெரியாத, தோட்டப் பக்கத்து அறைக்கு மாற்றித் தரும்படி கேட்டோம். கடல் தெரியும் அறையைத் தானாக விட்டுக்கொடுக்கும் விருந்தினரை வரவேற்பு மேசையில் நின்ற பிள்ளை அதற்கு முன் பார்த்ததில்லை போலும், இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டது.

பயணம் எனக்கு அந்த அறையில்தான் தொடங்கியது. அதன் பின்புறம் பணியாளர்கள் வரும் பாதை. காலை ஆறு மணிக்கு முன்னரே, சீருடையைப் பிளாஸ்டிக் பையில் மடித்துத் தூக்கிக்கொண்டு, தலையில் வலை கட்டிய பெண்கள் வரிசையாக வருவார்கள். காலணியைக் கழற்றி உதறிவிட்டு வேலைச் சப்பாத்தைப் போடும் விதத்தைப் பார்த்தாலே, யாருக்கு முழங்கால் வலி, யார் ஓய்வில்லாமல் தொடர்ந்து இரண்டாவது வேலை முறைக்கு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். என் முதியோர் இல்லத்து வாசலிலும் இதே காட்சிதான். 2013இல் சிரித்த அந்தப் பெண் இப்போது அங்கே இல்லை. இந்த முறை நான் கட்டிலை விரிக்கவில்லை, துவாயை மடிக்கவில்லை. ‘எல்லாம் அடக்கம்’ என்று எழுதியிருந்தாலும், விடுதி அதைத் தடை செய்யாததால், நாள்தோறும் தலையணை மீது பணம் வைத்தேன். கடைசி நாளில் மொத்தமாக வைத்தால் அன்று வேலைக்கு வந்தவருக்குத்தான் போகும். இப்படிப்பட்ட விடுதிகளே உழைப்பைச் சுரண்டுகின்றன, அங்கே போகவே கூடாது என்று எழுதக் காத்திருப்பவர்களுக்கு: இருக்கலாம். என் வேலையையும் நான் அப்படித்தான் சொல்வேன், ஆனால் அதற்காக எங்கள் இல்லத்துக்கு எவரும் வரக்கூடாது என்று நான் கேட்டதில்லை.

கடற்கரையைப் பற்றி உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை எந்த விளம்பரப் படமும் சொல்லாது. ஏழு மைல் கடற்கரை என்று பெயர், உண்மையில் அதைவிடக் குறைவு. 2013இல் எங்கள் விடுதியின் முன்னால் சாய்வு நாற்காலிகள் மூன்று வரிசை இருந்தன. 2024இல் ஒரு வரிசை. நெக்ரிலின் மணல் பல பத்தாண்டுகளாகக் கரைந்துகொண்டிருக்கிறது. அது ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல் அன்று. கடற்புல்லிலும் பவளப்பாறையிலும் வாழும் சுண்ணாம்புப் பாசியும் சிப்பியும் நொறுங்கிச் சேர்ந்தது. அவை குறையக் குறைய, புயல் அள்ளிக்கொண்டு போகும் மணலுக்கு ஈடாகப் புதிய மணல் வருவதில்லை. கடலுக்குள் கல் அடுக்கி அலையைத் தடுக்கும் திட்டம் ஒன்று வந்தபோது, அது காட்சியையும் தொழிலையும் கெடுக்கும் என்று உள்ளூரிலேயே பலர் எதிர்த்தார்கள். மணல் சுருங்கியதால், விடியுமுன் துவாயைப் போட்டு நாற்காலி பிடிக்கும் கூட்டம் கூடியிருக்கிறது. இருவருக்கு நான்கு நாற்காலி பிடித்துவிட்டுக் காலை உணவுக்குப் போய் இரண்டு மணி நேரம் வராதவர்களைப் பார்த்தேன். எங்கள் கல்யாண மண்டபங்களில் கைப்பையை வைத்து ஒரு மேசை முழுவதையும் பிடிப்பவர்களைத் திட்டிக்கொண்டிருந்த நான், இந்த விடயத்தில் எல்லா இனமும் ஒன்று என்று சமாதானம் அடைந்தேன்.

நாற்காலி வரிசை முடியும் இடத்தில் ஒரு கயிறு. அதன் அப்பால் காவலாளி, அவருக்கும் அப்பால், முழங்கால் நீரில், சீவிய கரும்பும் கற்றாழையும் விற்கும் ஒரு முதியவர். ஜமெய்க்காவின் 1956ஆம் ஆண்டுக் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம், நாட்டு மக்களுக்குக் கடற்கரையில் பொதுவான உரிமை எதையும் தரவில்லை. அதை மாற்ற வேண்டும் என்று அங்கே வழக்குகளும் போராட்டங்களும் நடக்கின்றன. முதல் பயணத்தில் இந்தக் கயிறு எங்களுக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தது. இரண்டாம் முறை இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இவருடைய ஊர் இலங்கையில், யாழ்ப்பாணத்து வடகரையில் இருக்கும் மயிலிட்டி. 1990இல் போரால் சனம் வெளியேறிய அந்தத் துறைமுகம் இராணுவத்திடமிருந்து 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. அதுவரை சொந்தக் கடலைக் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களின் பிள்ளை அவர். ஒன்றும் பேசாமல் எழுந்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கயிற்றைத் தாண்டி நீரில் இறங்கி, முதியவரிடம் கரும்பு வாங்கி, அங்கேயே நின்று கடித்தார். மீதி நாள்களில் பத்து மணிக்கு இவரைக் காணவில்லை என்றால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தேடுவேன். எதைப் பேசினார்களோ, எந்த மொழியில் பேசினார்களோ, எனக்குச் சொல்லவில்லை.

உணவில் இரண்டு முறையும் குறை இல்லை. காலையில் கலலூ என்று ஒரு கீரை வைப்பார்கள். நம் முளைக்கீரையின் இனந்தான், தேங்காய்ப்பூ மட்டும் சேர்த்தால் எங்கள் கீரை வறை. ஆட்டுக்கறியை ‘கறி கோட்’ என்று அவர்களுடைய தேசிய உணவு போலவே பேசுவார்கள். 1845 மே மாதம் ‘புளண்டெல்’ என்ற கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் வந்திறங்கியதன் மிச்சம் அது. விடுதியின் ‘ஆசிய’ உணவகத்துக்கு மட்டும் போகாதீர்கள். கருவேப்பிலை வாசனைக்கு ஏங்கிப் போய் இனிப்புக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

ஒரு மனக்குறையையும் இறக்கி வைத்துவிடுகிறேன். திரும்பி வந்த விருந்தினருக்குச் சிறப்புக் காலை உணவு என்று அழகான அட்டையில் அழைப்பு வந்தது. போனால், ஒன்றரை மணி நேரம் ஓர் இளைஞர், அடுத்த இருபது ஆண்டுகளுக்கான விடுமுறைகளை இன்றே வாங்கச் சொல்லி, எங்கள் வருமானத்தையும் கடன் அட்டையையும் விசாரித்தார். விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசு அது. அப்படி அட்டை வந்தால் நித்திரை கொள்ளுங்கள்.

நீங்கள் போவதானால் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம் என்பதை மறக்காதீர்கள். மலிவு விலை அதனால்தான். 2024 ஜூலை 3ஆம் திகதி ‘பெரில்’ புயல் ஜமெய்க்காவின் தென்கரையை உரசிக்கொண்டு போனது, ட்ரெஷர் பீச் பக்கம் கூரைகள் இல்லாமற் போயின. ஆகவே பதிவு செய்யுமுன், கட்டட வேலை ஏதும் நடக்கிறதா, கடற்கரையில் இப்போது எத்தனை வரிசை நாற்காலி போடுகிறீர்கள் என்ற இரண்டையும் விடுதிக்கே எழுதிக் கேளுங்கள். நாங்கள் அடுத்த ஆண்டுக்காகப் போன மாதம் எழுதினோம். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: கட்டட வேலை இல்லை, நாற்காலி ஒன்றரை வரிசை.