கடவுள் செய்த உடன்படிக்கைகள் பைபிளில் எத்தனை? புதியது வந்ததும் பழையவை எல்லாம் ரத்தாகிவிட்டனவா?

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடலாம். பெரும்பாலான பட்டியல்களில் ஐந்து வரும்: நோவாவோடு, ஆபிரகாமோடு, சீனாய் மலையில் மோசே வழியாக இஸ்ரவேல் மக்களோடு, தாவீதோடு, கடைசியாக இயேசு வழியாக வந்த புதிய உடன்படிக்கை. ஆதாமையும் சேர்த்து ஆறு என்பவர்கள் உண்டு. எண்ணாகமம் 25-இல் பினெகாசுக்குக் கிடைத்த ஆசாரிய உடன்படிக்கையைச் சேர்த்தால் இன்னும் ஒன்று கூடும். இதில் சண்டை போடுவது வீண்.

இரண்டாவது கேள்விதான் கனமானது. பழையதாகிவிட்டது என்று புதிய ஏற்பாடு சொல்வது சீனாய் உடன்படிக்கையை. ஆபிரகாமுக்குக் கொடுத்தது அப்படியே நிற்கிறது. புதியது அதன் மேல்தான் கட்டப்படுகிறது. இந்த இரண்டையும் 'பழையது' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. முந்தினது பழையதாகிவிட்டது என்னும் எபிரெயர் 8:13-ஐப் படித்துவிட்டு மல்கியா வரையுள்ள 39 புத்தகங்களும் காலாவதி என்று முடிவுகட்டுபவர்களின் சிக்கல் இதுதான்.

முதலில் ஆபிரகாம். ஆதியாகமம் 15-இல் மூன்று வயதுள்ள ஒரு கிடாரி, ஒரு வெள்ளாடு, ஒரு ஆட்டுக்கடா, கூடவே ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு. விலங்குகளை நடுவாக வெட்டி, துண்டுகளை எதிரெதிராக வைக்கிறார் ஆபிராம் (பெயர் இன்னும் மாறவில்லை). பறவைகளை வெட்டவில்லை. பிறகு அவர் அயர்ந்து தூங்கிவிடுகிறார். இருட்டிய பின், கடவுளைக் குறிக்கும் புகைகிற சூளையும் எரிகிற தீயும் அந்தத் துண்டுகளுக்கு நடுவே கடந்து போகின்றன. ஆபிராம் கடக்கவில்லை.

இந்தச் சடங்கு என்ன சொல்கிறது என்பதற்கு விடை எரேமியா 34-இல் இருக்கிறது. சிதேக்கியா ராஜா காலத்தில் எருசலேமின் பெரியவர்கள் தங்கள் எபிரெய அடிமைகளை விடுவிப்பதாகக் கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, நடுவே கடந்து வாக்குக் கொடுத்தார்கள். பிறகு அதே அடிமைகளைத் திரும்பப் பிடித்து வேலைக்கு வைத்தார்கள். அவர்களுடைய பிணங்கள் பறவைகளுக்கும் மிருகங்களுக்கும் இரையாகும் என்கிறார் எரேமியா. வாக்கை மீறினால் இந்த விலங்கின் கதி எனக்கு வரட்டும் என்று கடப்பவர் தன்மேல் சாபத்தை ஏற்றுக்கொள்வதுதான் அந்தச் சடங்கு. சிரியாவில் கிடைத்த கி.மு. 8-ஆம் நூற்றாண்டு செஃபீரே அராமியக் கல்வெட்டுகளிலும் இந்தக் கன்று வெட்டப்படுவதுபோல் சிற்றரசன் மத்தியேல் வெட்டப்படட்டும் என்ற வாசகம் வருகிறது. அங்கே வெட்டுப்படுவது எளியவன். ஆதியாகமம் 15-இல் ஆணையை ஏற்பது பெரியவர். ஆதியாகமம் 15-இன் முழுக் கனமும் இந்தத் தலைகீழ் மாற்றத்தில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் காட்சியிலிருந்து நேராகச் சிலுவைக்குத் தாவி, அன்று ஏற்ற சாபத்தைத்தான் கடவுள் அங்கே அனுபவித்தார் என்று பிரசங்கிப்பது வழக்கம். அழகான இறையியல்தான், ஆனால் புதிய ஏற்பாட்டு ஆசிரியர்கள் யாரும் துண்டுகளுக்கு நடுவே தீ கடந்ததை எடுத்துப் பேசவில்லை. அப்போஸ்தலர் பவுல் ஆதியாகமம் 15-இலிருந்து எடுப்பது 6-ஆம் வசனத்தை, அதாவது ஆபிரகாமின் விசுவாசத்தை. எபிரெயர் 6 பேசும் ஆணை ஆதியாகமம் 22-இல் வருவது. எனவே அதை வசனம் சொல்வதாக அல்ல, நாம் செய்யும் இணைப்பாகச் சொல்வதே நேர்மை.

சீனாய் வேறு வகை. யாத்திராகமம் 24-இல் வரிசையைக் கவனியுங்கள். மோசே கட்டளைகளை வாய்மொழியாகச் சொல்கிறார், மக்கள் சம்மதிக்கிறார்கள். எழுதி வைக்கிறார். பலிபீடமும், கோத்திரத்துக்கு ஒன்றாக 12 தூண்களும் எழுப்புகிறார். காளைகளைப் பலியிட்டு இரத்தத்தில் பாதியைப் பலிபீடத்தின்மேல் தெளிக்கிறார். எழுதியதை வாசிக்கிறார், மக்கள் இரண்டாம் முறை சம்மதிக்கிறார்கள். அதன்பிறகுதான் மீதிப் பாதியை அவர்கள்மேல் தெளிக்கிறார். முடிவில் 70 மூப்பர்கள் மலைமேல் ஏறி, கடவுளைக் கண்டு, உண்டு குடிக்கிறார்கள். வாசிப்பும் சம்மதமும் முடிந்த பிறகே மக்கள்மேல் இரத்தம்: இந்த வரிசை தற்செயல் அல்ல. இரண்டு முறை 'செய்வோம்' என்றவர்கள், மோசே மலைமேல் இருந்த 40 நாட்களுக்குள் பொன் கன்றுக்குட்டி செய்துவிட்டார்கள் என்பதும் கதையின் பகுதிதான்.

இந்த வடிவம் பண்டைய அரசியல் ஒப்பந்தங்களை ஒத்திருப்பதை ஜார்ஜ் மெண்டன்ஹால் 1954-இல் எழுதிய கட்டுரைகள் பரவலாக்கின. கி.மு. 14, 13-ஆம் நூற்றாண்டுகளின் ஹித்தைத்தியப் பேரரசர்கள் சிற்றரசர்களோடு செய்தவற்றில் பேரரசரின் அறிமுகம், இதுவரை அவர் செய்த நன்மைகளின் வரலாறு, நிபந்தனைகள், ஆவணத்தைக் கோயிலில் வைத்து அவ்வப்போது வாசிக்கும் விதி, சாட்சிகள், ஆசியும் சாபமும் ஆகிய பகுதிகள் வருகின்றன. உபாகமத்தில் இவை ஏறக்குறைய எல்லாமே உண்டு. நியாயப்பிரமாணப் புத்தகம், அதாவது மோசேயின் சட்டம், உடன்படிக்கைப் பெட்டியின் பக்கத்தில் வைக்கப்படுகிறது. ஏழாம் வருஷந்தோறும் கூடாரப்பண்டிகையில் வாசிக்கப்படுகிறது (31-ஆம் அதிகாரம்). சாட்சிகளாக வேறு தெய்வங்களை அழைக்க வழியில்லை என்பதால் வானமும் பூமியும் (30:19). பத்துக் கட்டளைகளின் தொடக்கமும் அப்படியே: முதலில் 'எகிப்திலிருந்து உன்னைக் கொண்டுவந்தேன்', பிறகுதான் கட்டளை. விடுதலை முந்துகிறது, சட்டம் பின்னால் வருகிறது. சட்டத்தைக் கைக்கொண்டு விடுதலையைச் சம்பாதிப்பது சீனாயிலேயே இல்லை.

ஆனால் உபாகமம் 28-இன் சாபங்கள், அசீரிய அரசர் எசர்ஹத்தோன் தன் வாரிசுக்காக கி.மு. 672-இல் வாங்கிய சத்தியப் பிரமாண ஆவணத்துக்கு இன்னும் நெருக்கம். தோல் நோயும் குருடும் அடுத்தடுத்து வருவதுகூட ஒத்துப்போகிறது. அந்த ஆவணத்தின் இன்னொரு பிரதி 2009-இல் துருக்கியின் தெல் தாயினாத்தில் ஒரு கோயிலுக்குள் கிடைத்தது. உபாகமத்தின் காலத்தைப் பற்றிய விவாதம் இங்கிருந்துதான் சூடாகிறது: ஹித்தைத்திய ஒற்றுமையைப் பிடிப்பவர்கள் அதை இன்னும் பழைய காலத்துக்குத் தள்ளுவார்கள், அசீரிய ஒற்றுமையைப் பிடிப்பவர்கள் கி.மு. 7-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுவருவார்கள்.

அடுத்து, பாடப்புத்தகங்கள் தாராளமாக ஒட்டும் இரண்டு முத்திரைகள்: ஆபிரகாம், தாவீது என்றால் 'நிபந்தனையற்றது', சீனாய் என்றால் 'நிபந்தனையுள்ளது'. தொடக்கத்தில் உதவும், அழுத்திப் பிடித்தால் உடையும். விருத்தசேதனம் செய்யாதவன் அறுப்புண்டு போவான் என்று ஆதியாகமம் 17:14 சொல்கிறது. அதுவும் ஆபிரகாம் உடன்படிக்கைதான். தாவீதுக்கு 2 சாமுவேல் 7 நிலையான சிங்காசனத்தை வாக்களிக்கிறது. சங்கீதம் 132:12-இலோ 'உன் குமாரர் என் உடன்படிக்கையைக் காத்து நடந்தால்' என்ற நிபந்தனை இருக்கிறது. மறுபக்கம், சாபங்கள் நிறைந்த லேவியராகமம் 26, எதிரிகளின் தேசத்தில் இருக்கும்போதும் அவர்களை முற்றிலும் வெறுத்துவிட மாட்டேன் என்று முடிகிறது. அதனால் முத்திரைக்குப் பதில் நான்கு கேள்விகள் கேட்பது மேல். ஆணையிடுவது யார்? கடமை யார்மேல்? அடையாளம் எது? மீறினால் நடப்பது என்ன? நோவாவில் நான்குக்கும் பதில் சுலபம்: கடவுள் மட்டுமே உறுதி தருகிறார், எல்லா உயிர்களோடும், அடையாளம் வானவில், இனிப் பூமியை அழிக்கும் வெள்ளம் கிடையாது. ஆபிரகாமுக்கு அடையாளம் எட்டாம் நாள் விருத்தசேதனம், சீனாய்க்கு ஓய்வுநாள்.

இந்தக் கேள்விகளைக் கேட்காமல் போனால் நடக்கும் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்' என்ற உபாகமம் 28:13-ஐத் தனி மனிதருக்கான செழிப்பு வாக்குத்தத்தமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது ஒரு தேசத்துக்கு, அதன் நிலத்தில், கட்டளைகளைக் கைக்கொள்ளும் நிபந்தனையோடு சொல்லப்பட்டது. அதே அதிகாரத்தில் ஆசி 14 வசனம், சாபம் 54 வசனம். ஆசியை மட்டும் பிய்த்துக்கொண்டு சாபத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போக முடியாது. கலாத்தியர் 3:13-14-இல் பவுல் நியாயப்பிரமாணத்தின் சாபத்தைக் கிறிஸ்து ஏற்றதாகச் சொல்கிறார். அதன் விளைவாகப் புறஜாதியாருக்கு (யூதரல்லாதவர்களுக்கு) வரும் ஆசீர்வாதம் என்று அவர் குறிப்பது ஆபிரகாமுடையதை, அதையும் ஆவியைப் பெறுவதோடு இணைக்கிறார். நிலமும் பயிரும் கால்நடையும் அந்த வாக்கியத்தில் இல்லை.

கலாத்தியர் 3-இன் 17-ஆம் வசனத்தில்தான் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் இருக்கிறது. 430 வருஷம் கழித்து வந்த நியாயப்பிரமாணம், முன்பே உறுதிசெய்யப்பட்ட உடன்படிக்கையைத் தள்ளிவிட முடியாது. ஆக, பவுலின் கணக்கில் இடையில் வந்தது சீனாய்.

புதிய உடன்படிக்கை என்ற சொல்லும் இயேசுவின் காலத்தில் தொடங்கவில்லை. எருசலேம் வீழ்ந்துகொண்டிருந்த தலைமுறையின் தீர்க்கதரிசி எரேமியா 31:31-34-இல் அறிவித்தது அது. எகிப்திலிருந்து அழைத்து வந்தபோது செய்ததைப்போல் அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லி, நான்கு விஷயங்களைத் தருகிறார்: சட்டம் உள்ளத்தில் எழுதப்படும், 'நான் அவர்கள் தேவன்' என்ற உறவு நிலைக்கும், சிறியவர் முதல் பெரியவர் வரை எல்லாரும் அவரை அறிவார்கள், பாவம் இனி நினைக்கப்படாது. புதிதாகக் கட்டளைப் பட்டியல் எதுவும் இல்லை. சட்டம் எழுதப்படும் இடம்தான் மாறுகிறது. இதை முழுவதுமாக எடுத்தாளும் எபிரெயர் 8:8-12 தான் புதிய ஏற்பாட்டிலேயே மிக நீளமான பழைய ஏற்பாட்டு மேற்கோள்.

கடைசி இரா உணவில் இரண்டு ஓடைகளும் கலக்கின்றன. மத்தேயு, மாற்கு தரும் 'உடன்படிக்கையின் இரத்தம்' யாத்திராகமம் 24:8-இன் எதிரொலி. லூக்காவும் பவுலும் (1 கொரிந்தியர் 11:25) தரும் 'புதிய உடன்படிக்கை' எரேமியாவின் சொல். பவுலின் கடிதம் நான்கு நற்செய்திகளுக்கும் முந்தியது என்பது பெரும்பான்மை ஆய்வாளர்களின் கருத்து. எனவே எரேமியாவோடு அந்த உணவின் திராட்சரசப் பாத்திரத்தை இணைத்தது பிற்காலச் சேர்க்கை என்று ஒதுக்கிவிட முடியாது.

சபைகள் பிரிவது இதற்கு அப்பால். சீர்திருத்த மரபு, குறிப்பாக 1646-இன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் 7-ஆம் அதிகாரம், ஆதாம் பாவத்தில் விழுமுன் அவரோடு 'கிரியைகளின் உடன்படிக்கை', அதன் பின் ஆதியாகமம் முதல் இறுதிவரை ஒரே 'கிருபையின் உடன்படிக்கை' என்று பிரிக்கிறது. ஆபிரகாமும் சீனாயும் அந்த ஒரே கிருபையின் வெவ்வேறு நிர்வாகங்கள். ஆதாம் கதையில் 'உடன்படிக்கை' என்ற சொல்லே வராது என்பதும், ஓசியா 6:7-இல் வரும் 'ஆதாம்' ஆளா ஊரா என்று தெளிவில்லை என்பதும் இதன் பலவீனமான இடம். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வாதம் இங்கிருந்து வருகிறது: ஆபிரகாமின் பிள்ளைகளுக்கு எட்டாம் நாள் அடையாளம் இருந்ததுபோல் இப்போதும். குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத பாப்திஸ்துகள் எரேமியா 31:34-ஐ நீட்டுவார்கள்: புதியதில் எல்லாரும் அவரை அறிந்தவர்கள் என்றால், அறியாத குழந்தை எப்படி உறுப்பினர்? இரண்டு தரப்பும் உடன்படிக்கையிலிருந்துதான் வாதிடுகிறது. அதனால்தான் தண்ணீர் எவ்வளவு என்று மட்டும் பேசினால் இந்த விவாதம் நகராது.

19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பியோடு வளர்ந்து, 1909-இன் ஸ்கோஃபீல்ட் விளக்கவுரை பைபிளால் பரவிய காலகட்டக் கோட்பாடு, இஸ்ரவேலையும் சபையையும் தனித்தனி மக்களாக வைக்கிறது. நிலம் பற்றிய வாக்கு இன்னும் இஸ்ரவேலுக்கே நிறைவேற வேண்டும் என்பது அதன் முடிவு. எரேமியா 31 'இஸ்ரவேல் குடும்பத்தோடும் யூதா குடும்பத்தோடும்' என்று முகவரி எழுதியிருப்பது இவர்களுக்குப் பலம். புறஜாதியார் அதே ஒலிவமரத்தில் ஒட்டவைக்கப்பட்டதாகச் சொல்லும் ரோமர் 11 எதிர்த்தரப்புக்குப் பலம். கத்தோலிக்கச் சபை 1965-இன் இரண்டாம் வத்திக்கான் அறிக்கையில் ரோமர் 11-ஐ எடுத்துக்கொண்டு யூதர்கள் தள்ளப்பட்டவர்கள் அல்லர் என்றது. 1980-இல் மைன்ஸ் நகரில் யூதத் தலைவர்களிடம் பேசிய இரண்டாம் யோவான் பவுல், கடவுள் ஒருபோதும் திரும்பப் பெறாத உடன்படிக்கையின் மக்கள் என்றே அவர்களைக் குறிப்பிட்டார். எபிரெயர் 8:13-ஐயும், கடவுளின் வரங்களும் அழைப்பும் மாறாதவை என்னும் ரோமர் 11:29-ஐயும் ஒரே மூச்சில் எப்படி வாசிப்பது என்பதில் இறையியலாளர்களுக்கு இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. என் பார்வையில், எபிரெயர் பேசுவது பலிமுறையையும் ஆசாரியத்துவத்தையும், ரோமர் பேசுவது மக்களையும் அழைப்பையும் என்று பிரித்துப் படித்தால் மோதல் வெகுவாகக் குறைகிறது.

நேரம் குறைவென்றால் இந்த வரிசையில் படியுங்கள்: ஆதியாகமம் 15, 17; யாத்திராகமம் 19, 24; 2 சாமுவேல் 7; எரேமியா 31, 34; லூக்கா 22; கலாத்தியர் 3; எபிரெயர் 8, 9. கலாத்தியரை எபிரெயருக்கு முன் வைத்திருப்பது வேண்டுமென்றே. எபிரெயரை முதலில் படிப்பவர்கள் ஆபிரகாமையும் சேர்த்துக் காலாவதியாக்கிவிடுகிறார்கள்.