ங் என்ற ஒலி எப்படிப் பிறக்கிறது, ஆங்கிலத்தில் அதற்கு ஏன் இரண்டு எழுத்து?

ங் ஒரு மூக்கொலி. நாக்கின் பின்பகுதி மேலெழுந்து, க் சொல்லும்போது தொடும் அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளும், வாய் வழி அடைபடும், காற்று மூக்கு வழியாகப் போகும். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறமாக வெளியே போவது மாதிரிதான். "ங்ங்ங்" என்று இழுத்துக்கொண்டே மூக்கைப் பிடித்துப் பாருங்கள், சட்டென்று நின்றுவிடும்.

தங்கம், சங்கு என்று இது பெரும்பாலும் க-வோடு வருவதற்குக் காரணமும் அதுதான்: அடுத்து க வரப்போகிறது என்பதால் நாக்கு முன்கூட்டியே அந்த இடத்துக்குப் போய்விடுகிறது. மலையாளத்தில் நம் மாங்காய் "மாங்ங" ஆகிவிட்டது, அங்கே க-வே கரைந்துபோய் ங் மட்டும் இரட்டித்து நிற்பது எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம்!

தமிழில் இதற்குத் தனி எழுத்து உண்டு. ஆங்கிலம் பயன்படுத்தும் லத்தீன் எழுத்து வரிசையில் அது இல்லை, அதனால் 'என்', 'ஜி' இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள். 'பேங்க்' போன்ற சொல்லில் வெறும் 'என்' போதும், பின்னால் வரும் 'கே' மீதியைப் பார்த்துக்கொள்ளும். கொரிய மொழியிலோ ஒரு சின்ன வட்டம்தான், அசையின் கடைசியில் வந்தால் ங், முதலில் வந்தால் ஒலியே கிடையாது.

அப்புறம், இரண்டு எழுத்தில் எழுதுவதால் இதை ந், க் சேர்ந்த கூட்டொலி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, பாடகரைக் குறிக்கும் 'சிங்ஙர்' என்ற ஆங்கிலச் சொல்லில் பொதுவான உச்சரிப்பில் க ஒலியே வராது, விரலைக் குறிக்கும் 'ஃபிங்கர்' சொல்லில்தான் வரும்.