ஏத்தர்ன் ப்ளூ பாக்ஸ் எஸ்டி40-2 டீசல் இன்ஜின் மாடலை டிசிசி-க்கு (தண்டவாளம் வழியாக டிஜிட்டல் சிக்னல் அனுப்பி ஒவ்வொரு இன்ஜினையும் தனியாக ஓட்டும் முறை) மாற்றி, டீடெயிலும் சேர்ப்பது எப்படி? எதை முதலில் செய்ய வேண்டும்?

முதலில் வயரிங், அப்புறம் ஷெல் (பிளாஸ்டிக் மேல்கூடு). டெஸ்ட் செய்யும்போது ஷெல்லைப் பல தடவை கழற்றி மாட்ட வேண்டிவரும். கம்பியும் ஹோஸும் ஒட்டியிருந்தால் பாதி கையோடு வந்துவிடும்.

இந்தப் பழைய ஹெச்ஓ (1:87) மாடலில் சேஸியே (அடியில் இருக்கும் உலோகச் சட்டம்) ஒரு வயர் மாதிரி. ஒரு பக்கத் தண்டவாளத்தின் கரண்ட் போகி (சக்கரங்கள் இருக்கும் அடித்தொகுதி) வழியாகச் சேஸிக்கு வந்து, மோட்டாரின் அடிக் கிளிப்புக்குப் போகிறது. மறுபக்கத்துக் கரண்ட் மேலே இருக்கும் நீளத் தகடு வழியாக மேல் கிளிப்புக்கு. மோட்டாரைச் சேஸியிலிருந்து பிரிக்காமல் டீகோடர் (டிசிசி சிக்னலைப் படித்து மோட்டாரை ஓட்டும் சின்னச் சர்க்யூட்) மாட்டினால், தண்டவாளக் கரண்ட் நேராக டீகோடரின் மோட்டார் அவுட்புட்டில் ஏறி அதைக் கருக்கிவிடும்.

மோட்டாரை வெளியே எடுத்து அடிக் கிளிப்பைக் கழற்றுங்கள். பிரஷ்ஷும் ஸ்பிரிங்கும் துள்ளி ஓடும், அதனால் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் செய்வது நல்லது. சேஸியைத் தொடும்படி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நுனிகளையும் வெட்டி, அரத்தால் தேய்த்துவிடுங்கள். கிளிப் தனியாக இருக்கும்போதே டீகோடரின் சாம்பல் வயரைச் சால்டர் செய்யுங்கள். மோட்டாரில் வைத்துச் செய்தால் பிளாஸ்டிக் உருகும். மோட்டார் உட்காரும் குழியில் கேப்டான் டேப் இரண்டு அடுக்கு (மொபைல் சர்வீஸ் கடைகளில் இருக்கும் மஞ்சள்-பழுப்பு டேப்). சாதாரண இன்சுலேஷன் டேப் வேண்டாம், சூட்டில் பசை வழியும்.

ஆரஞ்சு வயர் மேல் கிளிப்புக்கு. நீளத் தகட்டை எடுத்துவிட்டு, இரண்டு போகிகளின் மேல் தகடுகளிலும் கருப்பு. சிவப்பு சேஸிக்கு, பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் திருகு போட்டு. இன்ஜின் எதிர்த் திசையில் ஓடினால் ஆரஞ்சையும் சாம்பலையும் மாற்றிக்கொள்ளலாம். ஹெட்லைட் பல்பும் சேஸியில்தான் எர்த் ஆகியிருக்கும். அதைத் தூக்கிவிட்டு வார்ம் ஒயிட் எல்இடி போடுங்கள். நீல வயர் 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக நீளக் காலுக்கு, வெள்ளை குட்டைக் காலுக்கு.

டீகோடரை இணைக்கும் முன் மல்டிமீட்டரில் பாருங்கள்: மோட்டாரின் எந்த முனைக்கும் சேஸிக்கும் இடையிலோ, மோட்டார் முனைக்கும் சக்கரங்களுக்கும் இடையிலோ, பீப் வரக்கூடாது. பழைய மோட்டார் கரண்டை அதிகமாக இழுக்கும் என்பதால் ஸ்டால் கரண்டையும் (சுற்ற முடியாமல் நிற்கும்போது மோட்டார் இழுக்கும் கரண்ட்) அளக்க வேண்டும். 12 வோல்ட் கொடுத்து, ஃபிளைவீலை ஒரு நொடி பிடித்து நிறுத்தினால் தெரியும். வருகிற அளவு டீகோடரின் பீக் ரேட்டிங்கைத் தாண்டினால் பெரிய டீகோடர் வாங்குங்கள், அல்லது மோட்டாரை மாற்றுங்கள். முதல் சோதனை புரோகிராமிங் டிராக்கில்தான் (டீகோடரை செட் செய்வதற்கான தனித் தண்டவாளம்). அங்கே கரண்ட் குறைவு, தப்பிருந்தாலும் டீகோடர் பிழைக்க வாய்ப்பு உண்டு. முகவரி 3 (புது டீகோடரில் வழக்கமாக இருக்கும் எண்) என்று படித்துக் காட்டினால் மெயின் டிராக்குக்குக் கொண்டுபோகலாம்.

இனி ஷெல். எஸ்டி40-2 வண்டி 1972 முதல் பல வருடம் தயாரானது. ரேடியேட்டர் கிரில் ஆரம்பத்தில் கம்பிவலை, பிறகு நெளிதகடு. ஹார்ன், மணி, மூக்கின் நீளம் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே ஒரே ஒரு வண்டி நம்பரைத் தேர்ந்தெடுத்து, அதன் போட்டோவைப் பார்த்தே செய்யுங்கள். பொதுவாக 'எஸ்டி40-2' செய்கிறேன் என்று கிளம்பினால் எந்த வண்டியும் ஆகாது.

ஷெல்லோடு வார்த்த கைப்பிடிகளை உளிமுனை பிளேடால் சீவி, 0.4 மிமீ டிரில்லால் துளையிட்டு, 0.3 மிமீ பாஸ்பர் பிரான்ஸ் கம்பி போடுங்கள். 18 அங்குலக் கைப்பிடி இந்த அளவில் 5.25 மிமீ. துளைகளை ஒரு பித்தளைத் துண்டில் முதலில் போட்டு, அதையே டெம்ப்ளேட்டாக வைத்தால் வரிசை கோணாது. கம்பிக்கு அடியில் 0.75 மிமீ ஸ்டைரீன் பட்டையைச் செருகி, எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும்போது, உள்பக்கமிருந்து ஒரு துளி சூப்பர் க்ளூ. வெளியிலிருந்து விட்டால் வெள்ளைப் படலம் படியும், பெயின்ட்டுக்கு அடியிலும் மேடாகத் தெரியும்.

பெரும்பாலும் கோட்டைவிடுவது கப்ளரில் (வண்டிகளைக் கோக்கும் கொக்கி). உலோகக் கப்ளரை உலோகச் சேஸியில் நேராக மாட்டினால் கப்ளரிலும் கரண்ட் வரும். ஒரு இன்ஜின் தனியாக ஓடும்வரை தெரியாது. இதே மாதிரி இரண்டைப் பின்னோடு பின் கோத்தால், ஒன்றின் சேஸி ஒரு தண்டவாளத்தோடும் மற்றதன் சேஸி எதிர்த் தண்டவாளத்தோடும் இருப்பதால், கப்ளர் தொட்டவுடன் ஷார்ட். கப்ளரை மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, நைலான் திருகால் பிடியுங்கள். கப்ளரைத் தூக்கும் கம்பியும் ஷெல்லில்தான் நிற்க வேண்டும், சேஸியில் உரசக்கூடாது. மையத்தின் உயரம் தண்டவாளத் தலையிலிருந்து 9.9 மிமீ, கண்ணளவை நம்பாமல் ஹைட் கேஜ் வைத்துப் பாருங்கள்.